சீனன் மாதிரி இல்லாத சீனர்

மாமா எடுத்த படம் இன்றைக்கும் யாரோ ஒருவருடைய வீட்டு நிலக்கீழ் அறையில் வீடியோ கசெற்றாகக் கிடக்கும். கிடந்து பூஞ்சணம் பிடிக்கட்டும். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், ஸ்காபரோவில் எங்களுடைய அப்பார்ட்மென்றில், வரவேற்பறைச் சோபாதான் அவருடைய படுக்கை. பகலில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவார். ஆனால் தான் சினிமாவுக்கென்றே பிறந்தவர் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒருமுறை டவுன்ரவுனில் எடுத்த அமெரிக்கப் படம் ஒன்றுக்குக் கூட்டத்தில் நிற்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, புதுச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு போனார். அவருடைய நிறத்தைப் பார்த்ததும் தலையில் துணியைச் சுற்றி, கையில் துவக்கைக் கொடுத்து, வாய்க்கு வந்தபடி கத்தச் சொன்னார்களாம். திரும்பி வந்தவர் ஒரு கிழமையாகக் கொதித்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஆர், எந்த ஊரெண்டு ஒருத்தன் கேக்கேல்லை. இனி எங்கடை கதையை நாங்கள்தான் படமெடுக்கோணும்" என்று சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சபதம் செய்தார்.

இந்தக் கோபத்தைப் பங்குபோட அவருக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். என் வகுப்புத் தோழி ஜெனியின் அப்பா. ஹொங்கொங்கிலிருந்து வந்தவர். எங்கள் கட்டடத்துக்கு எதிர்ப் பிளாசாவில் சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அவருக்கும் சினிமாப் பைத்தியம். சீனப் பத்திரிகைகளில் வரும் சினிமாச் செய்திகளை வெட்டி, காசு வாங்கும் மேசையின் கண்ணாடிக்குக் கீழே பரப்பி வைத்திருப்பார். எந்த நடிகர் யாரோடு நடிக்கிறார், எந்த நடிகைக்குக் கலியாணம் என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, மாமா பதிலுக்குச் சென்னைச் செய்திகளை எடுத்துவிடுவார். இருவருடைய ஆங்கிலமும் அரைகுறை. சினிமா பேச அது தாராளமாகப் போதும்.

அமெரிக்கப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் ஜெனியின் அப்பாவின் முகம் மாறிவிடும். இங்கே சீனன் படத்தில் வந்தால் கத்தியோடு வருவான், இல்லாவிட்டால் தட்டோடு வருவான் என்பார். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மகளோடு இருந்து சாப்பிடுகிற சீனனை ஒரு படத்திலும் காணவில்லை என்பார். மாமா மேசையில் ஓங்கி அடித்து, என்னுடைய படத்தில் நான் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரத்தில் மாமாவைப் போல ஒரு மனிதர் உலகத்திலேயே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

வாக்குப்படியே படமும் தொடங்கியது. அகதியாக வந்து வேலைக்கு அலையும் தமிழ்ப் பொடியனின் கதை. திங்கட்கிழமைகளில் ஜெனியின் அப்பா கடை திறப்பதில்லை. அன்றைக்குப் பின்னேரம் அங்கே படம் பிடிக்கலாம் என்றார். பசியோடு வரும் பொடியனுக்கு முதல் சாப்பாடும் முதல் வேலையும் கொடுக்கிற முதலாளி வேடம் அவருக்கு. ஒரேயொரு வசனம், அதுவும் தமிழில்: "தம்பி, சாப்பிட்டியா?"

அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுத்தது நான். எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் ஜெனியோடு கடைக்குப் போவேன். அவர் மேசை துடைக்கும்போதும் சொல்லுவார், சாப்பாடு கட்டும்போதும் சொல்லுவார். முதலில் எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியாது. போகப் போக, வாசலில் நின்று எங்கள் ஆட்கள் கேட்பதுபோலவே கேட்கத் தொடங்கிவிட்டார். ஜெனி வகுப்பில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்தாள், அப்பா படத்தில் நடிக்கப் போகிறார் என்று.

படப்பிடிப்பு நாளன்று அவர் சாம்பல் நிறக் கோட் சூட்டோடு, தலைமயிர் வெட்டி, சப்பாத்து மினுங்க வந்து நின்றார். மாமா கமராவுக்குள்ளால் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு தன்னுடைய சிநேகிதரை, ராக்ஸிக் கார் ஓடுகிற ஒருவரை, ஒரு பக்கமாக இழுத்தார்.

"உவரைப் பாத்தாச் சீனன் மாதிரி இல்லையடாப்பா. பாங்க் மனேச்சர் மாதிரியெல்லோ நிக்கிறார். சனம் நம்பாது."

சீனர் சீனன் மாதிரி இல்லையாம்! பிறகு நடந்ததைச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. ராக்ஸிக்கார சிநேகிதரின் கண்களை இரண்டு பக்கமும் இழுத்துச் செலோரேப் பசைநாடா ஒட்டினார்கள். கண்மையால் தொங்கு மீசை கீறினார்கள். அம்மாவின் பூப்போட்ட ஹவுஸ்கோட்டை எடுத்துவரச் சொல்லி என்னை ஏவினார் மாமா.

"அசல் சீனர் இஞ்சை நிக்கிறார் மாமா. உங்களுக்குக் கண் தெரியேல்லையே?" என்று கத்தினேன்.

"உனக்குச் சினிமா தெரியாது, பேசாமல் இரு" என்றார்.

நான் அசையவில்லை. கதாநாயகனாக நடித்த பொடியனே ஓடிப்போய் எடுத்து வந்தான். கதையும் அங்கேயே மாறியது. சாப்பாடு போடும் முதலாளி, கையில் இறைச்சிக் கத்தியோடு துள்ளித் துள்ளி ஏமாற்றுகிற கோமாளி ஆனார். ஜெனியின் அப்பாவிடம், உங்களுக்கு அடுத்த படத்தில் பெரிய வேடம் என்று மாமா சொன்னார். அவர் தலையாட்டினார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, குசினிக்குள் போய் எங்கள் எல்லோருக்கும் சோறு பொரித்துக்கொண்டு வந்தார். நாங்கள் சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "உங்கடை தலையிலை துணி சுத்தினவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

"அது வேறை, இது வேறை. இது பகிடியடி" என்றார் மாமா. மாமாவோடு கதைக்கிற கதையா இது என்று அம்மா எனக்குத்தான் ஏசினார்.

கொடுமை அதோடு முடியவில்லை. எங்கள் சனத்துக்கு விளக்கேற்றாமல், பொன்னாடை போர்க்காமல் ஒரு விழாவும் நடவாது. கடை தந்தவரைக் கௌரவிக்க வேண்டாமா? பாடசாலை மண்டபம் ஒன்றில் நடந்த முதல் காட்சிக்கு ஜெனியின் அப்பாதான் பிரதம விருந்தினர்! அதே சாம்பல் நிறக் கோட்டோடு, ஜெனியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மண்டபத்தில் பாதிப்பேர் அவருக்குக் கை காட்டினார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு மங்கள விளக்கின் முதல் திரியை ஏற்றினார். சரிகைக் கரை போட்ட பொன்னாடையை மாமா போர்த்தினார். சீன மக்களுக்கும் தமிழ் மக்களுக்கும் இவர் ஒரு பாலம் என்று ஒருவர் நீட்டி முழக்கினார். பிறகு பொன்னாடையோடு அவரை முன்வரிசையில் இருத்தி, மண்டப வெளிச்சத்தை அணைத்து, படத்தைப் போட்டார்கள்.

செலோரேப் கண்களோடு அந்த உருவம் திரையில் வந்ததும் மண்டபமே அதிர்ந்தது. கத்தியை வீசிக்கொண்டு, குரலைக் கீச்சிட்டுக்கொண்டு, "தம்பீ" என்று அது நான் சொல்லிக்கொடுத்த வசனத்தைக் கடித்துத் துப்பியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் திரையை விட்டுவிட்டு ஜெனியின் அப்பாவைப் பார்த்தேன். அவருடைய உதடுகள் அந்த வசனத்தைச் சத்தமில்லாமல், சரியாகச் சொல்லின. பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். அதன்பிறகு சனம் சிரித்த ஒவ்வொரு முறையும் அப்படித்தான், கொஞ்சம் பிந்திச் சிரித்தார். ஜெனி தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியே? அந்தாளே சிரிக்குது. நீயேன் துள்ளுறாய்?" என்றார் மாமா, வீட்டுக்குப் போகும் வழியில்.

மாமாவின் மேல் இருந்த என் கோபமெல்லாம் அப்படியே ஜெனியின் அப்பா பக்கம் திரும்பியது. அந்தப் பொன்னாடையை உருவி எறிந்துவிட்டு எழுந்து போயிருக்கலாமே. இந்த மனிதருக்கு ரோசமே இல்லையா?

பள்ளிக்கூடத்தில் ஜெனியைப் பிடித்து அதைத்தான் கேட்டேன், உன் அப்பா ஏன் சிரித்தார் என்று. நான் விடாமல் கேட்க, மண்டபத்தில் இருந்தவர்களையெல்லாம் அப்பாவுக்குத் தெரியும் என்றாள். எங்களுடைய கடைக்கு வருகிறவர்கள் முக்கால்வாசியும் உங்கள் ஆட்கள்தான், அவர்கள் வராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டாள்.

அதைக் கேட்டதும் அவர் மேல் இருந்த என்னுடைய கோபம் பறந்துபோனது. எங்கள் சனத்தால்தான் அவர்களுடைய கடையே ஓடுகிறது! எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. பின்னேரம் வீட்டுக்கு ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். மாமாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.