சேவியரின் இலையில் மீன் இல்லை

போர்ட் பிளேரில் நல்ல மீன் சாப்பாட்டுக் கடைகளைத் தேடிப் பிடிப்பதில் எனக்கு அலாதி ஆசை. கல்லூரியில் சேர மெட்ராஸ் கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. மீனவர் வீட்டுப் பிள்ளையான நண்பன் சேவியர், சாத்தம் பக்கம் ஒரு புதுக் கடைக்கு அழைத்துப் போனான்.

“அரே, ஏக்தம் பிரெஷ் மீன்டா. பயப்படாம சாப்பிடு” என்றவன், தனக்குப் பருப்பும் முட்டையும் மட்டும் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் கப்பல் கிளம்பியபோது நான் வாந்தியும் பேதியுமாகப் படுக்கையில் கிடந்தேன். அடுத்த கப்பல் வருவதற்குள் கல்லூரியில் என் இடம் போய்விட்டது.

பார்க்க வந்த சேவியரிடம், அன்று அவன் மட்டும் ஏன் மீனைத் தொடவில்லை என்று கேட்டேன்.

“அது எங்க அத்தான் கடைடா. மீன் மிஞ்சிப் போச்சுன்னு புலம்பினாரு. ஞாயித்துக்கிழமை எங்க ஆளுங்க கடலுக்கே போக மாட்டாங்க. இவ்வளவு படிச்சிருக்கே, இது தெரியாதா?” என்று சிரித்தான்.

இப்போதெல்லாம் ஒரு கடையை யார் புகழ்ந்தாலும் முதலில் அவர் இலையைப் பார்க்கிறேன். அதில் மீன் இல்லையென்றால் எழுந்துவிடுகிறேன்.