சுமைதாங்கிக்கு வளையல் பூட்டிய நாள்

உலகை மூழ்கடிக்க வந்த ஊழி வெள்ளத்தைச் சூலத்தால் சுழித்து நிலத்துக்குள் இறக்கிய திருச்சுழிப் பெருமானே, அவன் இடப்பாகம் பிரியாத துணைமாலை அம்மையே, தளர்ந்த கையால் எழுதும் இவ்வெழுத்துக்கு நீங்களே காப்பு.

இன்று ஆடிப்பூரம். அம்மைக்கு வளைகாப்பு நிகழும் நன்னாள். காலையில் கண்டதை விளக்கேற்றுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடிக்குச் செல்லும் சாலை என் இளமையில் வண்டித்தடத்தைவிடச் சற்றே அகலமானது, அவ்வளவுதான். மழை பெய்தால் கரிசல் காலைப் பிடித்து இழுக்கும். வெயில் காய்ந்தால் வெடிப்பு விட்டுக் காலைக் கிழிக்கும். பஸ் உண்டு, ஆனால் பஸ்ஸுக்குக் காசு வேண்டுமே. ஆகையால் மிளகாய் மூட்டையும் பருத்திப் பொதியும் மனிதத் தலைகளின் மேலேறியே ஊர்விட்டு ஊர் போயின. வீரசோழனிலிருந்து துணி விற்க வரும் முஸ்லிம் பெரியவர்கள் தோளில் மூட்டையோடு நடப்பார்கள். பனையோலைப் பெட்டிகளை அடுக்கிச் சுமந்து, வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவப் பெண்கள் வருவார்கள். அந்தச் சாலையின் சரித்திரம் என்று யாரேனும் என்னைக் கேட்டால், அது பிடரிகளின் சரித்திரம் என்றே சொல்வேன்.

அவர்களுக்காக நட்டவைதாம் சுமைதாங்கிகள். இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். துணைக்கு ஆளில்லாமல் தானே சுமையை இறக்கலாம், தானே ஏற்றிக்கொள்ளலாம். அதை யார் நடுவார்கள் என்பதை இக்காலத்தார் அறியமாட்டார்கள். சூலியாக இறந்த பெண்ணுக்காக அவள் வீட்டார் நடுவது அது. பிள்ளையை இறக்காமலே போனவள் போன இடத்திலும் அப்பாரத்தைச் சுமந்து நிற்பாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வழிப்போக்கர் ஒருவர் அக்கல்லில் சுமையை இறக்கி மூச்சு வாங்கும் நேரம், அவளும் இறக்கி மூச்சு வாங்குவாள்.

எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் நிற்கும் சுமைதாங்கி என் மனைவிக்காக நட்டது.

கார்த்திகை மாதம். நிறைமாதம். வலி கண்டதும் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கென்று வண்டி பூட்டினோம். ஆண்டெல்லாம் மணல் மட்டுமே ஓடும் எங்கள் ஓடையில் அன்றைக்குத் தண்ணீர் வந்தது. தரைப்பாலம் தெரியவில்லை, மாடுகள் இறங்க மறுத்தன. குண்டாற்றுக்கு விரைந்த அந்தச் செந்நீரைப் பார்த்துக்கொண்டே, “வடிஞ்சிரும்ல?” என்று அவள் கேட்டாள். “இப்ப வடிஞ்சிரும்” என்றேன். ஊழி வெள்ளத்தையே அடக்கியவன் கோயிலுக்கு மறுகரையில் நின்றுகொண்டு, ஓர் ஓடை நீரை அடக்கித் தரும்படி அவனைப் பாடினேன். எனக்குத் தெரிந்த பதிகங்கள் அனைத்தையும் பாடினேன். வெள்ளம் வடிந்தபோது வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்தோம். அவள் கைகளில் வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள் ஒன்றுகூட உடையாமல் இருந்தன.

கல் நட்டவர் என் மாமனார். பெயர் வெட்டட்டுமா என்று கல்தச்சர் கேட்டதற்கு, “பேரு எதுக்குய்யா? செமக்குறவுகளுக்குக் கல்லு போதும்” என்று சொல்லிவிட்டார். துணி மூட்டையை இறக்கும் பெரியவர், “மகராசி, யாரு பெத்த பிள்ளையோ!” என்பார். ஓலைப்பெட்டிப் பெண்கள் நெற்றியில் சிலுவை இட்டுக்கொள்வார்கள். அதைக் கேட்டும் கண்டும் என் நெஞ்சு ஆறிய நாள்கள் உண்டு.

பிறகு மினி பஸ் வந்தது, லோடு ஆட்டோ வந்தது, வீட்டுக்கு வீடு பைக் வந்தது. தலையில் சுமப்பவர் ஒழிந்தனர். அது நல்லதுதான்; யார் பிடரியும் நோகவேண்டாம். ஆனால் அவள்? ஆகவே ஆண்டுதோறும் அவள் திதியன்று ஒரு மூட்டைக் கம்பைத் தலையில் சுமந்து போய் அக்கல்லில் இறக்கி வைப்பேன். ஒரு பதிகம் பாடி முடியும்வரை காத்திருந்து, மீண்டும் ஏற்றிக்கொண்டு வருவேன். மறுமணம் செய்யாத எனக்கு இல்லறம் என்று எஞ்சியது அதுவே.

சென்ற கார்த்திகையில் கால் முறிந்து மதுரையில் தம்பி வீட்டில் கிடந்தேன். திதி தவறியது. திருச்சுழியில் வீடு பார்த்துக் குடிவந்து, இப்போதுதான் நடமாடுகிறேன். ஆடிப்பூரமாயிற்றே, இன்றேனும் இறக்கி வைப்போம் என்று சிறு கம்பு மூட்டையோடு பஸ் ஏறினேன்.

“என்னய்யா, ரேசன் அரிசியா? புடிச்சா என்னையும்ல சேத்து உள்ள வைப்பாக!” என்று கண்டக்டர் சிரித்தார். “கம்புப்பா” என்றேன். “கம்பா? சுகருக்கு நல்லது. எறங்குறப்ப பாத்து எறங்குங்க” என்று அவரே மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார்.

விலக்கில் இறங்கியபோது திகைத்துப் போனேன். சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். கல் பழைய இடத்தில் இல்லை. சற்றுத் தள்ளி, தகரக் கொட்டகைக்குள் நின்றது. தூண்களில் மஞ்சள் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பலகைக்கல்லுக்கு மஞ்சள் சேலை. நடுவில் ஒரு சூலம். கல் முழுவதும் கண்ணாடி வளையல் சரங்கள்.

பழக்கத்தில் நடந்து போய் மூட்டையைப் பலகைக்கல்லின் மேல் வைக்கக் கை உயர்த்தினேன்.

“ஏய்யா, பெரியவரே! சாமி தலையிலயா மூட்டைய வைக்கிறீக? நல்ல நாளும் அதுவுமா!” பக்கத்தில் புதிதாக முளைத்திருந்த டீக்கடையின் அம்மாள் கரண்டியோடு ஓடி வந்தார்.

“இது சுமைதாங்கிம்மா” என்றேன்.

“இருந்துட்டுப் போகட்டும். செமை தாங்காத சாமி எங்கிட்டு இருக்கு? ரோடு போட வந்தப்ப ஜேசிபிக்காரரு கல்லுல வண்டிப் பல்ல வச்சாரு, வண்டி அப்படியே நின்னுபோச்சு. மூணு மெக்கானிக்கு வந்து பாத்தாக, ம்ஹூம்! பொறவு சூடம் கொளுத்திக் கும்புட்டுல்ல எடுத்து வச்சாக. ரோட்டம்மான்னா இப்ப பந்தல்குடி லாரிக்காரவுககூட நிப்பாட்டித் தேங்கா ஒடைக்கிறாக.”

‘இது என் மனைவி’ என்ற சொல் நாவில் வந்துவிட்டது. இவர்கள் நல்லவர்கள். அதைச் சொன்னால் சேலையைக் களைந்து கல்லை எனக்கு விட்டுவிடுவார்கள். அவளும் கொஞ்சம் மூச்சு வாங்குவாள்.

அப்போது கடைக்குள்ளிருந்து அந்த அம்மாளின் மகள் வந்தாள். இடுப்பில் கை ஊன்றி, அடிமேல் அடி வைத்து வந்தாள். கையில் ஒரு சரம் வளையல்.

“மாசம் எட்டு ஆச்சு. ரோட்டம்மாவுக்குப் போட்டுட்டுத்தான் இவளுக்கு வளையல்” என்றார் தாய்.

மகள் சரத்தைத் தூணில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். “தாத்தா, பழைய ஆளா இருக்கீகளே. இந்தச் சாமி எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?”

அவளுடைய வயிற்றைப் பார்த்தேன். அந்த வயிற்றின் முன் எதைச் சொல்வது?

“நல்ல சாமி தாயி” என்றேன். “பிள்ளத்தாச்சின்னா அவுகளுக்கு உசுரு. ஒன்னையப் பாத்துக்கிருவாக.”

அவள் முகம் மலர்ந்தது. “மூட்டைய இந்தப் பெஞ்சில வைங்க தாத்தா. ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்” என்றாள்.

“வேணாம் தாயி, வாரேன்” என்று கிளம்பினேன்.

பஸ் வரும்வரை மூட்டையைத் தலையிலேயே வைத்திருந்தேன். கீழே வைக்க மனம் வரவில்லை. அவள் இறக்காதபோது நான் மட்டும் எப்படி இறக்குவேன்? சாலைக்கு அப்பால் தூண்களில் வளையல்கள் காற்றில் ஒலித்தன. அவள் கைகள் அசைந்தாலும் அப்படித்தான் ஒலிக்கும்.

தெய்வமாகிவிட்டாள், வணங்குகிறேன். ஆயினும் இனி அவள்மேல் எவரும் சுமை இறக்கமாட்டார். அவளும் இறக்கமாட்டாள்.

இதைப் படிக்கும் நீங்கள் எவ்வூராராயினும், எச்சமயத்தாராயினும், உங்கள் வீட்டுச் சூலிகள் சுகமாகப் பெற்றெழுக. உங்கள் வழியில் வெள்ளம் வடிக. சுமக்கும் தலைக்கெல்லாம் இறக்க ஓர் இடம் வாய்க்க.