கதவோரத்து நாற்காலி

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வெறுப்பில் ஊறிக் குண்டு வரைக்கும் போனவர்களைச் சிறைக்குள் உட்காரவைத்துப் பேசித் திருப்பும் திட்டங்களுக்கு நிதி தருகிற அறக்கட்டளை அது. நேரில் பார்க்காமல் எதற்கும் அவள் கையெழுத்துப் போடமாட்டாள்.

அந்த வேலைக்கு ஏன் வந்தாள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. கடைத்தெருவில் குண்டு வைத்துத் தானும் செத்தவன் அவள் தம்பி. கடைசி மாதங்களில் அறையைத் தாழ்போட்டுக்கொண்டே கிடந்தான். அம்மா இன்னும் அந்தக் காலி அறையைப் பெருக்கப் போனால், கதவைத் தட்டிக் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் திறப்பாள். அம்மா வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் இவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

குடும்பத்தில் இப்படி ஒன்று இருந்தால் சொல்லிவிட்டு விலக வேண்டும் என்பது அலுவலக விதி. விலகினால் கோப்பு, கத்தரிக்கோல் என்று பெயரெடுத்த சகாவிடம் போகும். அவர் கைக்குப் போன எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை.

அன்று பார்க்கப் போன திட்டத்துக்கு அந்த மாதத்தோடு பணம் தீர்கிறது. சிறை வாசல் சோதனையில் தாமதமாகிவிட்டது. உள்ளே கைதிகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். பேச்சு நின்றது. அது குண்டுகளில் செத்துப்போனவர்களுக்காகப் போட்டுவைக்கிற நாற்காலி. அதைப் பார்த்துத்தான் ஒவ்வொருவரும் பேச வேண்டும்.

அதுவரை அந்தப் பக்கமே திரும்பாத ஒருவன் அவளைப் பார்த்தான்.

“வண்டி மட்டுந்தான் ஓட்டினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேம்மா. பின்னாடி என்ன இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். கோப்பும் பிழைத்திருக்கும். ஆனால் செத்தவர்களிடம் அவன் ஒப்புக்கொண்டது அவளுக்கு உரியதல்ல.

“ஆள் மாறிச் சொல்லிட்டீங்க தம்பி. நான் குண்டு வெச்ச ஒருத்தனோட அக்கா.”

தம்பி என்ற சொல்லை அவள் வாய்விட்டுச் சொல்லி வருஷக்கணக்காகிறது. வண்டி ஓட்டியவன் கேட்டான். “கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாரு?”

“சாப்பாட்ட வெளிய வெச்சிட்டுப் போக்கான்னான். வெச்சிட்டுப் போயிட்டேன்.”

மறுநாள் மேலதிகாரியிடம் தம்பியைப் பற்றிச் சொன்னாள். கோப்பு கைமாறியது. எத்தனை பேர் திருந்தினார்கள் என்று கத்தரிக்கோல் கேட்டார். நடக்காமல் போனதை எப்படி எண்ணுவது என்றாள் இவள். உருக்கமாகப் பேசுகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பதென்றால் நாடகக் கம்பெனிதான் நடத்த வேண்டும் என்று அவர் சிரித்தார்.

“போய்ப் பாருங்க சார். கொஞ்சம் லேட்டாப் போங்க.”

போய்வந்தவர் அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “அந்த ஒரு நாற்காலிதான் காலியா இருந்துது. உக்கார மனசு வரல. முழுக்க நின்னுட்டே இருந்தேன்.” திட்டம் மூன்று வருஷத்துக்குக் கேட்ட நிதியை ஒரு வருஷமாக வெட்டியிருந்தார். “கைப்பழக்கம்,” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அந்த வாரம் அம்மாவின் கையிலிருந்து துடைப்பத்தை இவள் வாங்கிக்கொண்டாள். தம்பியின் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே சத்தமில்லை. போகாமல் நின்று இன்னொரு தடவை தட்டினாள்.