பன்னிரண்டு வீட்டைத் தாண்டிப் போகும் குழாய்

பொங்கல் விடுமுறையில் கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கத்தான் போனேன். அருவியைப் பார்க்கவில்லை. பார்த்தது வேறு.

காலை ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் ஜீப் எடுத்தோம். நாள் வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு, டீசல் உட்பட. கச்சிராயபாளையம் தாண்டினால் மலைப்பாதை. வெள்ளிமலைக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வளைவுகளில் தலைசுற்றுபவர்கள் முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் அந்தோணி கருணாபுரத்துக்காரர். "வெள்ளிமலைக்கு அப்பால எங்க அக்கா வூடு சார். ஒரு டீ குடிச்சிட்டுப் போலாங்க" என்றார். அக்கா ஸ்டெல்லா வாழ்க்கைப்பட்டுப் போன இடம், மொத்தமே பன்னிரண்டு வீடுகள். நாங்கள் இறங்கும்போது தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக ஊற்றிலிருந்து மேடேறி வந்துகொண்டிருந்தார்.

அந்தோணிக்கு முகம் மாறிவிட்டது. "கர்ப்பப்பை எடுத்து ஒரு மாசம் கூட ஆவல. இன்னாக்கா பண்ணிக்கினு கீற?"

"தண்ணி தானா நடந்து வருமாடா?"

அவர் வாசலை ஒட்டியே குழாய் போகிறது, அடுத்த பெரிய ஊருக்கு. அதற்குப் பள்ளம் தோண்டியதே இந்தப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள்தான், கூலி வாங்காமல். பொதுவேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் போவது இங்கே வழக்கம். ஆள் அனுப்பிய வீட்டுக்குப் பங்கு உண்டு, யாரும் எழுதி வாங்குவதில்லை. அரசாங்க வேலைக்கும் அதே நம்பிக்கையில் மண்வெட்டியோடு போய்விட்டார்கள். வேலை முடிந்ததும் ஓர் அதிகாரி வந்து, தொட்டி, கிளைக்குழாய், பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் வீட்டுக்கு ஆகும் செலவு ஜாஸ்தி, கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டாராம்.

கணக்கு பொய்யில்லை. ஒரு மோட்டாரை ஆயிரம் வீடு பகிர்ந்தால் தலைக்குச் செலவு கம்மி, பன்னிரண்டு வீடு பகிர்ந்தால் அதிகம். ஆனால் வயிறு எரிகிறது. நகரத்தில் என் வீட்டுத் தண்ணீருக்கு நான் முழு விலையா கொடுக்கிறேன்? மீதியை எல்லோருடைய வரியும்தானே சுமக்கிறது? ஸ்டெல்லா வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. இவர்கள் சும்மா தோண்டியதில் திட்டச் செலவு குறைந்தது. இவர்களையே விட்டுவிட்டதில் இன்னும் குறைந்தது. வெட்கங்கெட்ட சிக்கனம்! செலவு எங்கும் போய்விடவில்லை. அதை ஸ்டெல்லாவின் அடிவயிற்றில் ஏற்றிவைத்திருக்கிறார்கள்.

குடத்தை இறக்கியவர் நிமிரவில்லை. சேலையில் ரத்தம். டீயாவது அருவியாவது, அப்படியே ஜீப்பைத் திருப்பினோம்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், தையல் பிரிந்ததைப் பார்த்ததும், ஆபரேஷன் செய்த மருத்துவரே கத்தினார். "வெயிட் தூக்காதன்னு சொன்னேனா இல்லையா? யாரும்மா தூக்கச் சொன்னது?"

ஸ்டெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "எங்க வூட்டுக்குத் தண்ணி கட்டுப்படியாவாதுன்னாங்களே, அவுங்கதான் மேடம்."



போகிறவர்களுக்கு ஒன்று. குடிக்க, கைகழுவ உங்கள் தண்ணீரைக் கீழிருந்தே கேனில் கொண்டுபோங்கள். எந்த வாசலில் நின்றாலும் கேட்காமலே சொம்பை நீட்டுவார்கள். மறுத்தால் வருத்தப்படுவார்கள், அதனால் குடியுங்கள். குடித்த பிறகு ஊற்றுக்கு இறங்கி, ஒரு குடம் சுமந்து வந்து அந்த வீட்டில் வைத்துவிட்டு அருவிக்குப் போங்கள்.