அக்கா சபையில் எழுந்து கேட்ட கேள்வி

கர்த்தருக்குள் எங்கள் அக்கா நித்திரையடைந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்தச் சிறு புத்தகத்தைக் கையில் வாங்கும் உறவினரும் சபையாரும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். புகழ்ச்சி மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

அக்கா பிறந்தது கே.ஜி.கண்டிகையில். மிஷன் பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்தார்கள். எங்கள் அப்பா, நைனாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் தினமும் அக்காதான் அவருக்கு வேதம் வாசிப்பார்கள். திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது சுவிசேஷங்களில் பாதி அவர்களுக்கு மனப்பாடம். பிள்ளை இல்லாத குறையை ஊரார் குத்திக் காட்டியபோதெல்லாம் அக்காவும் அவர் கணவரான எங்கள் பாவாவும் தங்கள் இரண்டு காணி மானாவாரி நிலமே கதியென்று உழைத்தார்கள்.

சென்னையில் ஜப்பான்காரன் குண்டு விழும் என்று ஜனங்கள் ரயிலேறி ஓடிவந்த வருஷம் அது. அவர்களோடு ஒரு பிரசங்கியாரும் வந்து இறங்கினார். ஆடி முடிவதற்குள் கர்த்தர் வருகிறார் என்று நாளும் குறித்துச் சொன்னார். "இந்த விதைப்பை அறுக்க நாம் பூமியில் இருக்கமாட்டோம். விதைக்கிறவன் விசுவாசமில்லாதவன்" என்றார். விதைக்கு வைத்திருந்த வேர்க்கடலையை நம் ஜனங்கள் வறுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். நானும் கொண்டுபோனேன்.

மறு ஞாயிறு அக்கா சபை நடுவில் எழுந்தார்கள்.

"அய்யா, அந்த நாள் தேவ தூதருக்கும் தெரியாது, பிதாவுக்கு மட்டுந்தான் தெரியும்னு இயேசு சாமியே சொல்லிக்கீறாரு. என் பேர்ல நெறைய பேரு வருவாங்க, ஏமாறாதீங்கன்னும் சொல்லிக்கீறாரு. ஒங்களுக்கு மட்டும் யாருங்க சொன்னாங்க?"

மூப்பர் ஒருவர், "நீ உக்காரும்மா" என்று அதட்டினார்.

"பதில் சொல்லுங்க, உக்காந்துக்கிறேன்."

 அந்திக்கிறிஸ்துவின் ஆவி பிடித்தவள் என்ற பட்டம்தான் பதிலாக வந்தது. யாரும் அவர்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று மூப்பர்கள் கட்டளையிட்டார்கள். அக்காவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த நான், கூடப்பிறந்தவள், வாய் திறக்கவில்லை.

உழவுக்கு மாடு தர நம்மில் ஒருவரும் இல்லை. பக்கத்து நிலத்து ரெட்டியார் தம் மாடுகளை அவிழ்த்துக் கொடுத்தார். அக்காவும் பாவாவும் விதைத்தார்கள்.

குறித்த நாளில் நாங்கள் வெள்ளை உடுத்தி, பட்டினியாகக் கோயிலில் காத்திருந்தோம். பிள்ளைகள் பசியில் அழுது ஓய்ந்தன. பிரசங்கியாரைத் தேடினால், அரக்கோணத்தில் ஜெபக்கூட்டம் என்று சொல்லி முதல் நாளே ரயிலேறிவிட்டிருந்தார். ஏன் போனார் என்று கேட்க ஒரு மூப்பருக்கும் துணிவில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது, எங்களிடம் விதையில்லை. அக்கா தம் வீட்டில் மிச்சமிருந்த விதைக் கடலையை எடுத்துக்கொண்டு, தம்மை ஒதுக்கிய வீடுகளுக்கே போனார்கள்.

"இவங்களுக்கு ஏன் குடுக்கற அக்கா?" என்று கேட்டேன்.

"ஏமாந்துட்டு நிக்கறாங்க. அவங்க பசங்க பட்டினி வேற கெடக்கணுமாடி?"

வாங்கிக்கொண்டவர்களில் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. போன வருஷம் வயிற்றுக் கட்டியால் அக்கா இறந்தபோது, அதே விதையை வாங்கிய இருவர் துக்க வீட்டிலேயே, "தேவ மனுஷனை எதுத்துக் கேட்டா, அதான் இப்படி" என்று பேசிக்கொண்டார்கள். என் காதாரக் கேட்டேன். இப்போது ஆர்.கே.பேட்டைக்கு இன்னொருவர் நாள் குறித்துக்கொண்டு வந்திருக்கிறாராம். அங்கே முன்வரிசையில் இருப்பவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டிலும் வேதம் இருக்கிறது. திறந்து பார்க்கட்டும்.

மாடு தந்த ரெட்டியாருக்கும், வலியில் துடித்த அக்காவைத் தம் லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அரக்கோணத்துப் பாய்க்கும், கடைசிவரை கஞ்சி ஊட்டிய பாவாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சபையாரே, அக்கா உங்களை அப்போதே மன்னித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் முடியவில்லை. அன்று பேசாமல் உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.