நாலு மணிக் குசினி

மீன் தின்னாதவன் என்கிற ஒரே தகுதியில்தான் எனக்கு அந்தப் பொறுப்பு வந்தது. தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊரில், சைவ வீட்டில் பிறந்தவன் நான். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடிக்கு வந்து, திரேஸ்புரம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். பிள்ளைகள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பெரிய டீச்சர் என்று எல்லோரும் கூப்பிட்ட தலைமையாசிரியை நாசரேத்துக்காரர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் கேலி பேசுவார்.

"கோதுமை உப்புமா சைவம். நீங்களும் சைவம். அப்போ நீங்கதானே தம்பி பாக்கணும்?" என்றார். சரி என்றுவிட்டேன்.

பொறுப்பு இதுதான். பள்ளி விட்ட பிறகு, நாலு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும். மற்ற ஊர்களில் மத்தியானம் போட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மத்தியானம் வீட்டில் பழையதாவது இருக்கும். சாயங்காலம்தான் ஒன்றும் இருக்காது. வள்ளங்கள் கரைக்கு வருவதும் மீன் ஏலம் போவதும் அந்த நேரத்தில்தான். அம்மாமார் எல்லாம் கரையில் நிற்பார்கள். ஏலம் முடிந்து, மீனை விற்று, அரிசி வாங்கி அடுப்புப் பற்ற வைக்க இருட்டிவிடும். இதை யாரோ ஒரு நல்ல மனுஷர் ஜில்லா ஆபீசில் யோசித்து, எங்கள் பள்ளியில் மட்டும் சோதனையாக மாலைச் சாப்பாடு போட்டுப் பார்க்க உத்தரவு வாங்கியிருந்தார். செலவு சர்க்கார் செலவு. கோதுமைக் குருணையும் எண்ணெய் டின்னும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தன. மூட்டைகளில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் போட்டிருக்கும். இதில் நம்முடைய கை எது என்று பெரிய டீச்சரிடம் கேட்டேன். "அடியில இருக்கிறதா இருக்கும்" என்றார்.

முழுப் பரீட்சைக்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து ஆபீசர் வந்து பார்ப்பார். பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிட்டால் திட்டம் நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டைகளைத் தூக்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சமைக்க ஓர் அம்மாள் வந்தாள். பிள்ளைகளுக்கு அவள் ஆயாம்மா. புருஷன் கடலோடு போய்விட்டான், பிள்ளைகள் இல்லை. வாய் மட்டும் பெரிது. சமையலறையைக் கடற்கரைச் சனம் சொல்கிற மாதிரி குசினி என்பாள். பள்ளிக்குப் பின்னால் ஓலை வேய்ந்து நின்ற அந்தக் குசினியின் வாசலில் என்னை நிறுத்தி வைத்து முதல் நாளே பேசிவிட்டாள்.

"சார், ஒண்ணு சொல்லிருதேன். வயசுக்கு வந்ததுல இருந்து அளத்துலதான் உப்பு வாருனேன். அந்த வெள்ளையப் பாத்துப் பாத்து கண்ணு பாதி போயிட்டு. இன்னும் ஒரு கோடைக்கு அளத்துல நின்னா மீதியும் போயிரும்னு டாக்டரு சொல்லிட்டாக. இந்தக் குசினிய மூடுனா எனக்கு அளத்த விட்டா வேற போக்கிடம் கெடையாது. பாத்துக்கிடுங்க."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இருபத்து மூன்று வயதில் அந்த வார்த்தை வாயில் சுலபமாக வரும்.

அவள் நன்றாகச் சமைப்பாள் என்று சொல்ல ஆசைதான். உப்புமா ஒரு நாள் குழையும், ஒரு நாள் அடிப்பிடிக்கும், நடுவில் ஒரு நாள் இரண்டும் நடக்கும். சட்டியின் அடி அவளுக்குத் தெரியாது. கை வைத்துப் பார்த்துத்தான் எண்ணெய் ஊற்றுவாள். ஏதாவது சொன்னால், "அமெரிக்காக்காரன் அனுப்புன கோதும அப்படி, நா என்ன செய்யட்டும்?" என்பாள். அந்தப் பழியைச் சுமக்க அமெரிக்கா கடல் தாண்டி இருந்தது நல்லதாகப் போயிற்று.

பிள்ளைகள் சாப்பிடுமுன் பொறுப்பாசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. நான் உப்புமாவை அகப்பையால் எல்லாருக்கும் போட்டுவிட்டு, பூவரசு மரத்தடியில் வரிசையின் தலைமாட்டில் தட்டோடு உட்கார்ந்து ஒரு வாய் போட்டுக்கொள்வேன். அதன் பிறகு பிள்ளைகள் கை வைப்பார்கள். இரண்டு வாய், மிஞ்சினால் மூன்று. மிச்சம் காக்கைக்கு. கோதுமை என்றால் அவர்களுக்குச் சீக்காளி சாப்பாடு. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் மட்டும் பார்த்த பொருள். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கோம்" என்று ஒரு பயல் எனக்கு ஆறுதல் சொன்னான். எங்கள் பள்ளிக்கூடத்துக் காக்கைகள்தான் அந்தக் காலத்தில் நன்றாகத் தேறின.

நாள் போகப் போக ஆயாம்மாவின் வாய் குறைந்தது. மிஞ்சிய தட்டுகளைக் கழுவ வருகிறபோது அவள் தட்டுகளைப் பார்க்க மாட்டாள், கையால் தடவித்தான் பார்ப்பாள். எவ்வளவு மிச்சம் என்று அந்தக் கைக்குத் தெரியும். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டாள். ஒரு நாள் ஏலக் கரைக்குப் போய், பிள்ளைகளின் அம்மாமாரிடம் சண்டை போட்டிருக்கிறாள். "ஒங்க புள்ளைகளுக்குத்தான ஏளா ஆக்கிப் போடுதேன்? ஆளுக்கு ஒரு கை சாள குடுத்தா கொறஞ்சா போயிருவீக?" அவர்கள் கொடுத்தார்கள். விலை போகாத பொடிச் சாளை மீனாகக் கூடை நிறைய வந்தது. அன்று சாயங்காலம் உப்புமாவுக்குச் சாளைக் குழம்பு. புளியும் மிளகாயும் அவள் வீட்டுச் சாமான். உத்தரவில் குழம்பு போடு என்றும் இல்லை, போடாதே என்றும் இல்லை. பெரிய டீச்சர் உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

வாசனை தெருமுனை வரைக்கும் போனது. பிள்ளைகள் மணி அடிக்குமுன்னே வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் தட்டு எடுக்கவில்லை. மூக்கைப் பிடிக்காத குறையாக, காற்று வருகிற பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டேன். எல்லார் தட்டிலும் குழம்பு ஊற்றியாயிற்று. ஒருவரும் கை வைக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

"சாப்பிடுங்க" என்றேன். அசையவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, அப்பா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"தண்டலு வாயில வைக்காம தோணியில எவனும் வைக்க மாட்டான் சார். தண்டலு திங்கலன்னா சோத்துல கோளாறுன்னு அர்த்தம்."

"நான் தண்டலா?"

"நீங்கதான சார் அகப்பையப் பிடிக்கீக?"

இத்தனை நாளும் நான் விதிக்காக ருசி பார்த்தேன், அவர்கள் அதைக் கடல் வழக்கமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த விவரம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய டீச்சர் முன்வந்தார். நாசரேத்துக்காரருக்கு மீன் புதிதில்லை. "நான் சாப்பிடுதேன், பாருங்க" என்று தட்டை நீட்டினார். பிள்ளைகள் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். அவர் சம்மாட்டியாம். சம்மாட்டி என்றால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். சம்மாட்டி கரையில் இருக்கிறவர், அவர் தின்றால் என்ன, தின்னாவிட்டால் என்ன?

"பாம்பு தின்கிற ஊருக்குப் போனா நடுத்துண்டு நமக்குன்னு சொல்லுவாங்க தம்பி. இது வெறும் சாளை" என்றார் டீச்சர்.

குசினி வாசலில் ஆயாம்மா நின்றாள். பேசவில்லை. அவள் பேசியிருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்னவோ. உப்புமாவை மட்டும் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். "கொழம்பு தொடலையே" என்று வரிசையின் கடைசியிலிருந்து குரல் வந்தது. அத்தனை தூரத்திலிருந்து தட்டைப் பார்க்கிற கண் அது. கடலில் மீன் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய பரம்பரை. இனி தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்துபோயிற்று. ஒரு சாளையை எடுத்து, முள் எது சதை எது என்று தெரியாமல், அப்படியே வாயில் வைத்தேன்.

பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நான் பள்ளிச் சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அன்று காக்கைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாவது வாரம் வாந்தி நின்றது. மூன்றாவது வாரம் முள் எடுக்கப் பழகிவிட்டேன். அதற்குப் பிறகு சினை மீன் யார் தட்டுக்குப் போகிறது என்று என் கண் பார்க்க ஆரம்பித்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை ஊருக்குப் போனால் ஆற்றில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன். அப்படியும் அம்மா, "ஏலே, என்னடா ஒரு வாடை அடிக்கி?" என்பாள். புதுத் துறைமுகம் கட்டினார்கள் இல்லையா, அந்தக் காற்று என்பேன். துறைமுகத்தால் நாட்டுக்குக் கிடைத்த நன்மைகளில் இதை யாரும் சேர்ப்பதில்லை.

ஆபீசர் பரீட்சைக்கு முன்னால் சொன்னபடி வந்தார். மெலிந்த மனிதர், நெற்றியில் திருநீறு. மரத்தடியில் நாற்காலி போட்டோம். நான் முதல் வாய் வைத்தேன், வரிசை முழுக்கக் கை இறங்கியது. தட்டுகள் கழுவி வைத்த மாதிரி திரும்பி வந்தன. ஆபீசர் என் தட்டையும் பார்த்தார், என் நெற்றித் திருநீற்றையும் பார்த்தார். போகும்போது, "நல்லா நடத்துதீங்க. நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிருதேன்" என்றார். அவர் நல்ல மனுஷர்தான். சொன்னபடியே எழுதினார்.

ஆயாம்மா மாதா கோவிலில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வந்து, எனக்கு ஓர் ஓலைக் கொட்டான் நிறைய உடன்குடிக் கருப்பட்டி கொடுத்தாள். "இனி செத்தாலும் இந்தக் குசினியிலதான் சார் சாவேன்" என்றாள். சந்தோஷத்தில் அன்றைக்கு உப்புமாவை முழுசாகக் கருக்கிவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, நிரந்தர உத்தரவு வந்தபோது அதன் கூடவே ஒரு விதியும் வந்தது. திட்டம் சோதனையாக இருந்த வரைக்கும் யார் வேண்டுமானாலும் சமைக்கலாம். நிரந்தரமான பிறகு சமைக்கிறவர் சர்க்கார் ஆள். சர்க்கார் ஆளுக்கு உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். கண் உட்பட.

நான்தான் அவளை ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பொறுமையான பெண்மணி. சற்றுத் தள்ளி நின்று விரல்களைக் காட்டினார். ஆயாம்மா தைரியமாக ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிக்கை சொன்னாள். ஒன்றுகூடச் சரியில்லை. கடைசியில் டாக்டர் கையைக் கீழே போட்ட பிறகும், "நாலு" என்றாள்.

"கொதிக்கிற அண்டா பக்கத்துல இவங்கள நிக்க வைக்கவா நான் எழுதிக் கொடுக்கணும்? குழந்தைங்க வேற சுத்தி நிப்பாங்க" என்று டாக்டர் என்னைக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விதி நியாயம், டாக்டர் நியாயம், ஆபீசர் நல்லவர். கோபப்படுவதற்கு ஓர் ஆள் இல்லாத கோபம் மாதிரி கெட்டது எதுவும் இல்லை. எனக்கு அது இன்னும் முழுசாக இறங்கவில்லை.

பெரிய டீச்சர் ஆபீசுக்குப் போய்ப் பேசினார். பாத்திரம் கழுவவாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்படி ஒரு வேலை உத்தரவில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தவர் அன்றைக்குக் கேலி எதுவும் பேசவில்லை.

கோடை லீவு முடிந்து புதிதாக ஒரு பெண் வந்தாள். வயது குறைவு, கண் பளிச்சென்று இருந்தது. நன்றாகச் சமைத்தாள். உப்புமா உதிரி உதிரியாக வந்தது. பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இதையும் சொல்லாமல் விட முடியாது.

ஆயாம்மா சொன்ன இடத்துக்கே போயிருந்தாள். உப்பளத்தில் கண்ணுக்கு யாரும் சர்ட்டிபிகேட் கேட்பதில்லை. லீவில் நான் ஊரில் இருந்துவிட்டேன். ஆடி மாதம் பாதி போன பிறகுதான் ஒரு சனிக்கிழமை அளத்துக்குப் போனேன். ஊருக்கு வடக்கே, எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. பத்துப் பதினைந்து பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடந்து, அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். அவள் முன்னால் போகிறவளின் சேலை முந்தியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பெண் அதைப் பழகியவள் போல அடி அளந்து நடந்தாள்.

நான் வரப்பில் அவளுக்கு நேர் எதிரே நின்றேன். பக்கத்தில் வந்து, என் மேல் மோதுவதற்கு முன்னால் நின்றாள்.

"யாரு, வழியில?"

"நான்தான் ஆயாம்மா. பள்ளிக்கூடத்து சார்."

கூடையை இறக்காமலே சிரித்தாள். முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"எதுக்கு சார் இங்கன எல்லாம் வாரீக? இந்த வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதீக. கண்ணு கெட்டுப் போகும்."