கீழாநெல்லி குடித்த இரண்டு மாதம்

எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. ஆனால் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவைக் கேட்டுப் பாருங்கள். நர்சிங் மூன்றாம் ஆண்டில் காமாலை வந்து செத்துப் பிழைத்தவள் நான் என்று சத்தியமே செய்வார்கள்.

வந்தது மனச்சோர்வு. படுக்கையை விட்டு எழ முடியவில்லை. சாக வேண்டும்போல் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்ன அன்றைக்கே, தறியை அப்படியே போட்டுவிட்டு என்னைச் செங்கல்பட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அதற்கு அவளை எத்தனை முறை கும்பிட்டாலும் தகும். திரும்பி வரும் பஸ்ஸில்தான் காமாலையைக் கண்டுபிடித்தாள். தெருவுக்கும் அதையே சொன்னாள், கல்லூரிக்கும் அதையே எழுதிக் கொடுத்தாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, இரண்டு மாதம் எனக்கு எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பார். மனசுக்கு மாத்திரை, தெருவுக்குக் கீழாநெல்லி.

படித்து முடித்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நான்கு வருடம் வார்டில் வேலை பார்த்தேன். பிறகு வெளிநாட்டு வேலைக்கு முயன்றேன். அதற்கு அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலின் லைசென்ஸ் வேண்டும். மனநலத்துக்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. ஏஜென்ட் என்னைக் கேட்காமலே 'இல்லை' என்று நிரப்பி அனுப்பிவிட்டார். எல்லார் ஃபைலிலும் அப்படித்தானாம்.

கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. கல்லூரிச் சான்றிதழில் காமாலைக்கு இரண்டு மாத விடுப்பு என்று இருக்கிறது, அது எந்த வகைக் காமாலை, ரத்தப் பரிசோதனை முடிவு எங்கே என்று கேட்டிருந்தார்கள். ஊசி போடப் போகிறவளிடம் அதைக் கேட்பது நியாயம்தான். ஏஜென்ட் அலட்டிக்கொள்ளவில்லை. தெரிந்த டாக்டரிடம், காமாலை குணமாகிவிட்டதாக ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிவிடலாம் என்றார். அம்மாவும் தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராத நோய்க்குச் சர்ட்டிபிகேட், வந்த நோய்க்கு வாய்ப்பூட்டா?

"பேப்பர்ல ஏறிட்சின்னா அழியாதும்மா. பைத்தியம்னு ஒதுக்கிடுவாங்க" என்றாள் அம்மா.

"டாக்டராண்ட கூட்டிக்கினு போனப்ப நீ வெக்கப்படலியே. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு வெக்கம்?"

அவள் எழுந்து தறிக்குப் போய்விட்டாள்.

கவுன்சிலுக்கு நானே எழுதினேன். காமாலை பொய், மனச்சோர்வு நிஜம், இன்னும் தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எழுதி, மருத்துவரின் கடிதத்தையும் வார்டு பொறுப்பாளரின் கடிதத்தையும் இணைத்தேன். என் ஃபைல் குப்பைக்குப் போய்விட்டது என்றார் ஏஜென்ட். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அனுப்பியதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

வீடியோவில் விசாரித்தார்கள். முதலில் ஏன் மறைத்தாய் என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். தப்புதான் என்றேன். மாத்திரையை எப்போது நிறுத்தப் போகிறாய் என்று ஒருவர் கேட்டார். தினமும் முப்பது பேருக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறேன், எனக்கு நானே ஒன்று கொடுத்துக்கொள்ளக் கூடாதா என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு மாதம் காக்க வைத்துவிட்டு லைசென்ஸ் கொடுத்தார்கள்.

அன்று அம்மா வடை சுட்டாள். சந்தோஷம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, என் தட்டைப் பார்த்ததும் பதறினார். "காமாலை வந்த ஒடம்பும்மா. எண்ணெய்ப் பலகாரம் ஆவாது."

"எனக்கு வந்தது காமாலை இல்லக்கா. மனசுதான் சரியில்லாம இருந்துச்சி."

அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாணலியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வெந்த வடையை எண்ணெய் வடித்து எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"மாத்திரை சாப்ட்டுக்கினுதான் இருக்கா" என்றாள். "நீங்களும் ரெண்டு எடுத்துக்கோங்க."